மூன்றாம் எண் குடை

"இந்த ரெண்டு நாளும் உலகத்துல யாரும் எதையும் தொலைக்கக் கூடாது. அப்படியே தொலைச்சாலும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று அன்று காலையில்தான் அண்ணி கடலைப் பார்த்துச் சொல்லியிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு, முழங்கை வரை மணலோடு ஒருவர் விடுதி வாசலில் வந்து நின்றார்.

அண்ணி ஒரு பெரிய ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருள்களைக் காக்கும் அலுவலகத்தின் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருட வேலையில் குடை, பல்செட், ஊன்றுகோல், ஒருமுறை பெட்டியிலேயே தூங்கிப்போன ஒரு கல்யாண மாப்பிள்ளை என்று எதையெல்லாமோ உரியவரிடம் சேர்த்திருக்கிறார். நிலையத்தில் அவருக்குக் 'கிடைச்சாச்சு அக்கா' என்று பெயர். அவரை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் அவருடைய நாத்தனார் ஒருத்திதான். அந்த உரிமையை நாமும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்வோம்.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் பட்டாசு. பல் மருத்துவமனை ஒன்றில் டோக்கன் கொடுத்து ஆட்களைக் கூப்பிடும் வேலை. வாய் சும்மா இருக்காது. காலைச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரரிடம் அண்ணியின் பெருமைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தவள் அவள்தான். அந்தப் பக்கத்து மேசைக்காரர்தான் இப்போது வாசலில் நிற்பவர்.

"நான் ஒரு நூலகர்மா" என்றார் அவர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கண்ணாடியிலும் மணல் ஒட்டியிருந்தது. "ஒரு மோதிரம் காணாமப் போச்சு. அதைவிடப் பெரிசு ஒண்ணும் போயிடும்போல இருக்கு."

அண்ணி பெருமூச்சு விட்டபடி நாற்காலியைக் காட்டினார். பட்டாசு அதற்குள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள்.

நூலகர் மனைவியை இழந்து ஒன்பது வருடமாகிறது. பக்கத்துப் பள்ளியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்மணி, அவரும் கணவரை இழந்தவர், இரண்டு வருடமாக நூலகத்துக்கு வந்து போகிறார். முதலில் வாரம் ஒரு புத்தகம். பிறகு வாரம் மூன்று. எந்த மனுஷியும் வாரத்துக்கு மூன்று புத்தகம் படித்துவிட முடியாது என்பது நூலகருக்குத் தெரியும். நர்ஸம்மாவையும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கும் அவருடைய மகளையும் அழைத்துக்கொண்டு இந்த வார விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்திருக்கிறார். நேற்று இரவு வந்தார்கள். இன்று ஐந்து மணிப் பேருந்தில் ஊர் திரும்பவேண்டும். அதற்குள் கேட்டுவிடவேண்டும் என்பது திட்டம்.

"என்ன கேக்கணும்?" என்றாள் பட்டாசு.

"கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு."

"ஐயோ!" என்று பட்டாசு பேனாவையே கீழே போட்டுவிட்டாள்.

"காலையில பத்து மணிக்கு மூணாம் நம்பர் குடைக்குக் கீழே உட்கார்ந்தோம். தண்ணியிலேருந்து இருபது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். அப்பவே கேட்டுடலாம்னு வாயைத் திறந்தேன். எங்க முதுகுக்குப் பின்னாடியே ஒரு ஜூஸ் கடை. நான் வாயைத் திறந்தா அவன் மிக்ஸியைப் போடுறான். மூணு தடவை திறந்தேன், மூணு தடவையும் போட்டான்."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்புறம்?"

"அவங்க ரெண்டு பேரும் கால் நனைக்கப் போனாங்க. மோதிரத்தை ஒரு மிட்டாய் டப்பாவுல போட்டு, குடைக் கம்புக்குப் பக்கத்துல முழங்கை ஆழத்துக்குப் புதைச்சேன். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும், 'இங்க கொஞ்சம் தோண்டிப் பாருங்க'ன்னு சொல்லிடலாம். மிக்ஸி போட்டாலும் கவலையில்லை பாருங்க. நாங்க தின்ன ஆரஞ்சுப் பழத்தோலையும் அதே குழியில மேலாகப் போட்டு மூடினேன். ஒரு மணிக்குச் சாப்பிடப் போனோம். ரெண்டு மணிக்குத் திரும்பினோம். நான் கை கழுவ அஞ்சு நிமிஷம் பின்தங்கிட்டேன். வந்து பாத்தா, அந்தப் பொண்ணு கையில முழங்கை வரைக்கும் மணல். என்னை ஒரு முறை முறைச்சது பாருங்க! நர்ஸம்மா தூங்கிட்டாங்க. பொண்ணு எழுந்து நடக்கப் போனதும் தோண்டினேன். டப்பா இல்ல. எடுத்தவங்க ஆரஞ்சுத் தோலைக்கூட விட்டு வைக்கல."

"தோல் கூடவா இல்ல?" என்றார் அண்ணி. அவர் குரலில் இப்போதுதான் கொஞ்சம் ஆர்வம் தெரிந்தது.

"ஒரு துண்டு இல்ல. முப்பது வருஷம் நூலகத்துல இருக்கேன்மா. நம்பர் போட்டது வெச்ச இடத்துல இருக்கணும். இல்லேன்னா யாரோ எடுத்திருக்கணும். மூணாவது வழி கிடையாது. அந்தப் பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலை. ரெண்டு வருஷமா 'சார்'தான். காலையில குடையை வாடகைக்குக் குடுக்கற குடைக்காரர் அவகிட்ட 'டோக்கன் உங்க அப்பாகிட்டயா?'ன்னு கேட்டாரு. 'அப்பா இல்ல, சார்'னு பட்டுனு சொல்லிட்டா. நேரா போய் அவகிட்டயே கேட்டுடப் போறேன்."

"கேக்காதீங்க" என்றார் அண்ணி. "எடுக்காத பொண்ணைப் பாத்து எடுத்தியான்னு கேட்டுட்டா, அப்புறம் மோதிரம் கிடைச்சும் போட விரல் கிடைக்காது. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிடுமோ என்ற பயம் நூலகரின் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. அவரைப் பார்க்க அண்ணிக்குப் பாவமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடற்கரை அன்று முழு மகிழ்ச்சியில் இருந்தது. குழந்தைகள் அலையைத் துரத்திக்கொண்டும் அலையால் துரத்தப்பட்டுக்கொண்டும் கத்தினார்கள். வழுக்கைத் தலையர் ஒருவரை அவருடைய பேரன்கள் கழுத்து வரை மணலில் புதைத்துவிட்டு விளையாடப் போய்விட்டிருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடாமல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேலே, கரையோரமாகப் பன்னிரண்டு வண்ணக் குடைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கம்பிலும் தகரத்தில் எழுதிய எண்.

ஒரு கோடியில் உயிர்காப்பாளரின் கண்காணிப்பு மேடை. அதன் அருகே ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் குடைக்குக் கீழே நர்ஸம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அலைச் சத்தம் மட்டும் இதமாகக் கேட்டது. அண்ணி அங்கே ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க என்ன கேக்குது உனக்கு?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே அண்ணி."

"எழுதிக்கோ."

பட்டாசு 'ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதி அதற்கு அடிக்கோடும் போட்டாள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

குடைக்காரர் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, காலைச் சுடாமல் இருக்க ஒவ்வொரு குடைக்கு முன்னாலும் மணலில் தெளித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று தொடங்கிப் பன்னிரண்டில் முடித்தார். பன்னிரண்டின் பக்கத்திலேயே குழாய் இருந்தது. வாளியை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து தெளிக்காமல், முழு வரிசையையும் கடந்து ஒன்றாம் குடைக்கே மறுபடியும் வந்தார்.

"பாருங்க அண்ணி, இந்த மனுஷனுக்குக் கணக்கே வராதுபோல! பன்னெண்டுலேருந்து ஆரம்பிச்சா பாதி நடை மிச்சமாகும்ல?"

"ஒண்ணுலேருந்துதாம்மா எதையும் ஆரம்பிக்கணும்" என்றார் குடைக்காரர், காதில் விழுந்துவிட்டதால். "எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். நடுவுல ஆரம்பிச்சா ஏதாவது விட்டுப்போகும்."

"ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல, மூணாம் நம்பர் குடைக்கிட்ட யாராவது வந்தாங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"யாரும் கிட்டயே வரலைம்மா. அவங்க பை, துண்டு எல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு பொருள் கொறையாது."

அண்ணி தலையாட்டிவிட்டுக் குடைகளுக்குப் பின்பக்கமாக நடந்தார். அங்கே கைவண்டிச் சக்கரத்தின் ஆழமான இரண்டு கோடுகள். தண்ணீர்ப் பக்கமிருந்து மேடையருகே மேலே ஏறி, திரும்பி, குடைகளின் பின்னால் மறு கோடி வரை நேராக ஓடின. தண்ணீர்ப் பக்கத்தில் அவற்றின் தொடக்கத்தை அலைகள் ஏற்கனவே தின்னத் தொடங்கியிருந்தன.

நர்ஸம்மாவின் மகள் அலையோரமாக எதிரே வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். கண் சிவந்திருந்தது. பேச்சுக் கொடுப்பது அண்ணிக்குக் கைவந்த கலை. கார் ஓட்டுவது கஷ்டமா என்று கேட்டுத் தொடங்கினார்.

"ஓட்டறது கஷ்டமில்லைங்க. சொல்லிக்குடுக்கறதுதான் கஷ்டம்" என்றாள் அவள். "சில பேரு வண்டியைக் கிளப்பிட்டு மணிக்கணக்குல அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. அதையாவது பொறுத்துக்கலாம். கிளம்பிப் பாதி தூரம் வந்துட்டு, யாருக்கும் தெரியாம ரிவர்ஸ் போடறாங்க பாருங்க, அவங்களைத்தான் மன்னிக்கவே முடியாது."

அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

"சாட்சியே தேவையில்ல அண்ணி. கோபத்தைப் பாத்தீங்களா? அவதான் எடுத்திருக்கா" என்றாள் பட்டாசு.

"எடுத்தவ எதுக்குக் கோபப்படணும்? எடுத்தவங்க முகத்துல பயம் இருக்கும், இல்லேன்னா சந்தோஷம் இருக்கும். நான் தினமும் ஜன்னல் வழியா பாக்கற முகம் இது. தொலைச்சவங்க முகம்."

பட்டாசு யோசித்தாள். சக்கரக் கோடுகளைப் பார்த்தாள். சட்டென்று துள்ளினாள்.

"அண்ணி! குடை நகர்ந்திருக்கு! கடல் ஏறுது. ஆளுங்க சாப்பிடப் போன நேரத்துல குடைக்காரர் வரிசையையே வண்டியில ஏத்தி மேல கொண்டுவந்து நட்டுட்டாரு. தண்ணியும் மேல வந்துச்சு, குடையும் மேல வந்துச்சு. அதனால காலையில இருந்த அதே இருபது எட்டுதான் தெரிஞ்சுது. எங்க கிளினிக்ல மூணாம் நம்பர்னா மூணாவது ஆளு, மூணாவது நாற்காலி இல்ல. நம்பர் ஆளோட எழுந்து போயிடும்! டப்பா பழைய வரிசையிலயே இருக்கு."

"சபாஷ்" என்றார் அண்ணி, மனதாரவே.

பட்டாசு குடைக்காரரிடம் ஓடினாள். ஆமாம், பதினைந்து எட்டு மேலே நகர்த்தினேன், தினமும் செய்வதுதான் என்றார் அவர். "யாராவது கேட்டாத்தானேம்மா சொல்லுவேன்?" நாலு மணிக்குள் பழைய வரிசை தண்ணீருக்கடியில் போய்விடும் என்றும் சொன்னார். மணி மூன்று இருபத்தைந்து. பட்டாசு மூன்றாம் குடையிலிருந்து நேர்கீழாகப் பதினைந்து எட்டு எண்ணி நடந்து, அலை வந்து முழங்காலை நனைப்பதையும் பொருட்படுத்தாமல் நாய்க்குட்டி மாதிரித் தோண்டினாள். ஒரு உடைந்த சீப்பு கிடைத்தது. ஒரு நண்டு கிடைத்தது, அது அவளை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு ஓடியது. டப்பா இல்லை. ஆரஞ்சுத் தோலும் இல்லை.

"கிணறு வெட்டப் பூதம் வந்த கதையா ஆச்சே!" என்று விரலைச் சூப்பிக்கொண்டு எழுந்தாள்.

"வா, ஜூஸ் குடிக்கலாம்" என்றார் அண்ணி.

"இப்பவா? தண்ணி ஏறிக்கிட்டிருக்கு அண்ணி!"

"இப்பதான்."

ஜூஸ் கடை வரிசையின் மறுகோடிப் பக்கம் இருந்தது. சிமென்ட் மேடை, தகரக் கூரை, நாலு பக்கமும் விளம்பரப் பலகை. கடைக்காரன் மிக்ஸியைப் போட்டான். பட்டாசு ஏதோ கத்தினாள், அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அண்ணி கையை நீட்டி, கடைக்கு நேர் எதிரே நிற்கும் குடையின் எண்ணைக் காட்டினார். பத்து.

பட்டாசு பத்தைப் பார்த்தாள். தூரத்தில், அமைதியாக இருந்த மூன்றைப் பார்த்தாள். அடிக்கோடு போட்டு எழுதியதைப் பார்த்தாள். ஜூஸை அப்படியே வைத்துவிட்டு ஓடத் தொடங்கினாள்.

"எல்லாரையும் பத்தாம் குடைக்குக் கூட்டிட்டு வா!" என்று அண்ணி பின்னாலிருந்து சத்தம் போட்டார். "நர்ஸம்மாவையும் எழுப்பு!"

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். குடைக்காரர் வாளியோடு, மகள் கைகளைக் கட்டிக்கொண்டு, நர்ஸம்மா தூக்கக் கலக்கத்தில், நூலகர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

"இவர் காலையில மணல்ல ஒரு டப்பாவைப் புதைச்சாரு" என்றார் அண்ணி நிதானமாக. "என்ன டப்பான்னு அவரே சொல்லுவாரு. ரெண்டு மணிக்குத் தோண்டினப்போ அது அங்க இல்ல. திருட்டுப் போச்சுன்னு நினைச்சுட்டாரு. ஆனா எந்தத் திருடனும் ஆரஞ்சுத் தோலைத் திருட மாட்டான். தோலும் இல்லேன்னா, தோண்டின இடமே வேறன்னு அர்த்தம். குடை நகர்ந்ததை என் நாத்தனார் கண்டுபிடிச்சா. அதோட முடியல. காலையில இவருக்குப் பின்னாடி ஜூஸ் கடை. நேரா மேல நகர்த்தியிருந்தா, மூணாம் குடைக்குப் பின்னாடி இப்பவும் ஜூஸ் கடைதான் இருக்கணும். ஆனா அங்க நர்ஸம்மா நிம்மதியா தூங்கறாங்க. கடை நகராது, சிமென்ட் மேடை. அப்போ வரிசையே திரும்பியிருக்கு." குடைக்காரரிடம் திரும்பினார். "நீங்க எப்படி எடுத்து எப்படி நட்டீங்க?"

"ஒண்ணுலேருந்துதான்மா எடுப்பேன். காலையில ஒண்ணு இந்தக் கடைப் பக்கம். எடுத்துக்கிட்டே அந்தக் கண்காணிப்பு மேடை வரைக்கும் போனேன். வண்டி ஏற வழி அங்கதான். மேல ஏறித் திரும்பி வரும்போது நட்டுக்கிட்டே வந்தேன். நடறதும் ஒண்ணுலேருந்துதான்."

"ஏர் திரும்பற மாதிரி திரும்பிட்டீங்க. அதனால கடைப் பக்கம் இருந்த ஒண்ணு மேடைப் பக்கம் போயிடுச்சு. பன்னெண்டு இருந்த இடத்துக்கு ஒண்ணு, பத்து இருந்த இடத்துக்கு மூணு. காலையில மூணு நின்ன இடத்துக்கு நேர் மேல இப்ப நிக்கறது பத்து. இங்கிருந்து கீழே பதினைஞ்சு எட்டு."

"இதெல்லாம் தினமும் நடக்கறதுதானே" என்று குடைக்காரர் ஆச்சரியப்பட்டார். "இதுல என்னம்மா இருக்கு?"

"சார்" என்றாள் மகள். "அப்போ நீங்க அதைத் திரும்ப எடுத்துக்கலையா?"

நூலகர் திகைத்தார். "நான் எதுக்கு எடுக்கணும்? நீ எடுத்துட்டேன்னு..." என்று தொடங்கி, மீதியை மென்று முழுங்கினார்.

"நீங்க புதைக்கும்போதே தண்ணியிலேருந்து பாத்துட்டேன். சாப்பிடும்போது சந்தோஷத்துல சோறே இறங்கல. திரும்பி வந்ததும் பத்திரமா இருக்கான்னு தோண்டிப் பாத்தா காணோம்! மனசு மாறி எடுத்துட்டீங்கன்னு நினைச்சு அழுதேன். எங்கம்மாவை ஏமாத்திட்டீங்கன்னு உங்களை மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல."

"அப்போ ரெண்டு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தியே?"

"ரெண்டு வருஷமா நீங்க வண்டியைக் கிளப்பவே இல்லையே சார்!"

"பேசிக்கிட்டே நில்லுங்க, அலை எடுத்துட்டுப் போகட்டும்!" என்று பட்டாசு வெடித்தாள்.

நூலகரும் மகளும் ஒன்றாக ஓடினார்கள். அண்ணி சத்தமாக எட்டுகளை எண்ணினார். பதினைந்தில் அலை கணுக்காலைத் தொட்டது. இருவரும் மண்டியிட்டுத் தோண்டினார்கள். ஒரு கை அள்ளினால் அலை வந்து இரண்டு கை மணலைத் தள்ளியது. குடைக்காரர் வாளியால் தண்ணீரை மொண்டு கொட்டினார். பட்டாசு அலைக்கு எதிராக மணலில் உட்கார்ந்து தன் முதுகையே அணையாக்கினாள். முதலில் வந்தது ஒரு ஆரஞ்சுத் தோல். அதைக் கண்டு அந்தக் கடற்கரையில் எழுந்த கூச்சலில் கழுத்து வரை புதைந்திருந்த வழுக்கைத் தலையரே விழித்துக்கொண்டார். அடுத்த அள்ளலில் டப்பா வந்தது.

"கிடைச்சாச்சு!" என்றார் அண்ணி. விடுமுறை என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

நூலகர் ஈரக் கையால் டப்பாவை நர்ஸம்மாவிடம் நீட்டினார். பேச வாயைத் திறந்தார். அதே நொடியில் மேலே மிக்ஸி உறுமியது. பட்டாசு கடையை நோக்கிக் காற்றைக் கிழிக்கும் ஒரு கத்தல் கத்தினாள். மிக்ஸி நின்றது.

நர்ஸம்மா டப்பாவைத் திறந்தார். மோதிரம், அதோடு நூலால் கட்டிய நூலக உறுப்பினர் அட்டை ஒன்று. பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர். 'திருப்பித் தரவேண்டிய தேதி' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"காலையில மூணு தடவை வாயைத் திறந்து மூடினீங்க. பல்வலியா இருக்கும்னு நினைச்சு மாத்திரை எடுத்து வெச்சேன்" என்றார் நர்ஸம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது. கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இங்க தேதி போடலையே?"

"போடறதா இல்ல" என்றார் நூலகர்.

நர்ஸம்மா மோதிரத்தைத் தானே எடுத்து விரலில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கடல்தண்ணீரில் கையை நனைத்துப் போட்டதும் இறங்கிவிட்டது.

ஐந்து மணிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லோரும் தலைமுதல் கால்வரை மணலோடு, ஜூஸ் கடையில் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணி நாளைக்குள் இன்னொருவர் எதையும் தொலைக்காமல் இருக்க வேண்டுமே என்று கடலை மறுபடியும் கேட்டுக்கொண்டார். குடைக்காரர் மூன்றாம் குடையை மடக்கித் தோளில் சாய்த்தபடி வந்தார்.

"குடைய எடுத்துட்டேன். டோக்கன் யார்கிட்டம்மா இருக்கு?" என்று மகளைக் கேட்டார். கேட்டதும் காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்து, "அந்தச் சார்கிட்டயா?" என்று திருத்திக்கொண்டார்.

அவள் ஆரஞ்சு ஜூஸை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"சார் இல்ல. எங்க அப்பாகிட்ட இருக்கு, கேட்டு வாங்கிக்கோங்க."